மிதியறிந்து ஏறுவோம்

கற்றல் நோக்கங்கள்
• பாறையேற்றத்தில் உடலுணர்வின் பங்கினை அறிதல்.
• துல்லியமாகக் கால் ஊன்றுவதற்குரிய பயிற்சிகளைப் படித்துப் புரிந்துகொள்ளுதல்.
• ஏறுதல் தொடர்பான தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.

பாறைகளின் நடுவே

மாணவர்களே! பாலாறு நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்தின் வழியே ஓடி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்தை அடைகிறது. அவ்வாற்றின் நீரைத் தேக்கும் பேரேரி பேத்தமங்களாவில் உள்ளது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இந்த ஏரியின் நீரே குழாய் வழியாகக் கொண்டு செல்லப்பட்டது. ஊரைச் சுற்றிப் பார்த்தால் வயல்களுக்கு இடையே கருங்கல் குன்றுகளும் உருண்டைப் பாறைகளும் தென்படும். இவை 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கை மலையிலும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து குகைகளை உண்டாக்கியிருக்கின்றன.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் பணியைத் தொடங்கியது. அதன் பின்னர் வடாற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் குடும்பத்துடன் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் பாறையின் உள்ளே இறங்கி உழைத்தவர்கள். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அத்தகைய ஆழத்தில், விளக்கின் சிறு வெளிச்சத்தில், அடுத்த அடியை எங்கு வைப்பது என்பதை அறிந்து வைத்தலே உயிர்க்காப்பாக இருந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. முன்னோர் பாறைக்குள் இறங்கினர். இன்றைய இளைஞர் சிலர் விளையாட்டாகப் பாறைமேல் ஏறுகின்றனர். இரண்டிற்கும் அடிப்படையான திறன் ஒன்றே. அத்திறனைப் பற்றியே இப்பாடம் பேசுகிறது.

மால்பு என்னும் பழஞ்சொல்

மலையேறுதல் தமிழருக்குப் புதியதன்று. குறிஞ்சி நில மக்கள் உயர்ந்த பாறைகளில் தொங்கும் தேனடைகளை எடுப்பதற்கு மூங்கிலால் ஆன ஏணியைப் பயன்படுத்தினர். மூங்கிலின் கணுக்களே அதில் படிகளாக அமைந்தன. அந்த ஏணிக்கு 'மால்பு' என்று பெயர். மலைபடுகடாம், குறுந்தொகை ஆகிய சங்க நூல்களில் இச்சொல் வருகிறது. குறுந்தொகையின் 273ஆம் பாடல், பழைய மால்பின் தன்மையை அறியாமல் தேன் எடுக்க ஏறிய அறிவிலியை ஓர் உவமையாகக் காட்டுகிறது. ஏறுவதற்கு முன் மிதிக்கும் இடத்தின் தன்மையை அறிய வேண்டும் என்னும் கருத்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் பதிவாகியிருக்கிறது. நீலகிரியில் வாழும் குறும்பர்கள் இன்றும் கொடிகளால் பின்னிய ஏணியில் இறங்கிப் பாறைத்தேன் எடுக்கின்றனர்.

உடல் தன்னை அறிதல்

கண்களை மூடிக்கொண்டு உங்கள் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். பெரும்பாலும் தவறாமல் தொட்டுவிடுவீர்கள். பார்க்காமலேயே விரல் இருக்கும் இடமும் மூக்கு இருக்கும் இடமும் உங்களுக்கு எவ்வாறு தெரிந்தன?

நம் தசைகளுக்குள்ளும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பவற்றை அவை நரம்புகளின் வழியே இடைவிடாமல் மூளைக்குத் தெரிவிக்கின்றன. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு, தலை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் கூறுகிறது. சிறுமூளை இச்செய்திகளை ஒன்றுசேர்த்து இயக்கத்தைச் சீர்செய்கிறது. இதனை 'உடலுணர்வு' என்கிறோம். இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டு இவ்வுணர்விற்குத் தனிப்பெயர் சூட்டினார். நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1932ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

பார்வை, செவி, சுவை, மணம், தொடுவுணர்வு ஆகிய ஐந்தையும் நாம் எண்ணிக் கூறுவோம். உடலுணர்வை எண்ணுவதில்லை. அது ஓயாமல் பணிசெய்வதாலேயே நம் கவனத்திற்கு வருவதில்லை. ஆயினும் பயிற்சியால் அதனைக் கூர்மையாக்க முடியும். பரதநாட்டியம் பயில்பவரும் சிலம்பம் சுழற்றுபவரும் அதனையே செய்கின்றனர்.

கை பற்றும், கால் ஏற்றும்

பாறையேற்றம் கைவலிமை உடையவர்க்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அதனால் மெலிந்த உடல் உடைய பிள்ளைகள், 'நம்மால் இயலாது' என்று தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடுகின்றனர். இந்த எண்ணம் தவறானது. மாடிப்படி ஏறும்போது நம்மைத் தூக்குவது எது? தொடையும் கெண்டைக்காலும் அல்லவா? அவற்றின் தசைகள் பெரியவை. நாள்தோறும் நம் முழுப் பாரத்தையும் தாங்கிப் பழகியவை. முன்கைத் தசைகளோ சிறியவை. அவற்றால் உடலை இழுத்து ஏற்ற முயன்றால் சில நிமிடங்களிலேயே கை இறுகிச் சோர்ந்துவிடும். ஆகவே, காலால் உடலை உயர்த்திக் கையால் சமநிலை காப்பவரே நெடுநேரம் ஏற இயலும்.

காலுக்குப் பாரம் செல்ல வேண்டுமானால் உடல் இருக்கும் நிலை முக்கியமாகும். நேர்ச்சுவரில் இடுப்பைச் சுவரை ஒட்டி வைத்தால் உடற்பாரம் காலின்மேல் விழும். இடுப்பு வெளியே தள்ளினால் பாரம் கைக்கு மாறும். சரிவான பாறையில் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். அச்சத்தால் பாறையின்மேல் படுத்தாற்போல் சாய்ந்தால், பாதம் பாறையை அழுத்தும் விசை குறையும். உராய்வும் குறைந்து கால் வழுக்கும். நிமிர்ந்து நின்று குதிகாலைத் தாழ்த்தினால் பாதத்தின் முன்பகுதி பாறையில் நன்றாகப் பதியும். அஞ்சியவனுக்கு வழுக்கும் பாறை, நிமிர்ந்தவனுக்கு இடம் தருகிறது.

தரைப்பயிற்சிகள்

கீழ்க்காணும் மூன்று பயிற்சிகளையும் வகுப்பறையிலோ விளையாட்டுத் திடலிலோ செய்யலாம்.

1. ஒற்றைக்கால் நிலை: வெறுங்காலுடன் சமதரையில் ஒரு காலில் 30 நொடி நில்லுங்கள். பின்னர்க் கண்களை மூடி 10 நொடி நில்லுங்கள். நண்பர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். கண்ணை மூடியவுடன் கணுக்கால் சிறுசிறு அசைவுகளால் உங்களைத் தாங்குவதைக் கவனியுங்கள். உடலுணர்வு பணிசெய்வதை அப்பொழுது நேராக அறியலாம்.

2. இணைக்கை: கண்களை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் உங்கள் இடக்கையை மெல்ல உயர்த்தி ஒரு நிலையில் நிறுத்தட்டும். அதே நிலையில் வலக்கையை வையுங்கள். கண் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு எத்தனை விரல் அளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. வட்டமிதி: ரூபாய் நாணயத்தின் அளவில் பத்து வட்டங்களைச் சாக்குக்கட்டியால் தரையில் ஒழுங்கின்றி வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் கால் கட்டைவிரலின் நுனியால் மட்டும் மிதித்துக் கடந்து செல்லுங்கள். வட்டத்திற்கு வெளியே கால் பட்டாலும், வைத்த காலைத் திருத்தினாலும் ஒரு பிழை. ஓடக் கூடாது, மெதுவாகச் செய்வதே இங்குத் திறமை.

சுவர்ப்பயிற்சிகள்

அடுத்த ஐந்து பயிற்சிகளும் ஏறுசுவரில் பயிற்றுநர் முன்னிலையில் செய்வதற்கு உரியவை. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் இத்தகைய ஏறுசுவர் உண்டு. தொடக்கத்தில் மேலே ஏற வேண்டா. கால் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்குமாறு, இடமிருந்து வலமாகப் பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். கீழே மெத்தை விரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

4. ஓசையில்லாக் காலடி: கால் சுவரில் படும் ஓசை கேட்கக் கூடாது. காலை எறிபவர்க்கு ஓசை எழும். காலை வைப்பவர்க்கு எழாது. ஓசை எழாமல் வைப்பதற்கு, மற்றொரு கால் பாரத்தை முழுதும் தாங்கியிருக்க வேண்டும். எனவே, ஓசையைக் குறைக்க முயலும்போதே சமநிலையும் தானாகக் கைகூடும்.

5. ஒரே மிதி: மிதிக்கும் இடத்தைப் பார்த்து, எப்பகுதியில் கால் வைப்பது என்று முடிவு செய்து, ஒரே முறையில் வையுங்கள். வைத்தபின் திருப்பவோ நகர்த்தவோ கூடாது. கால் பதியும் வரை பார்வையை எடுக்கவும் கூடாது. புதிதாக ஏறுபவர் பலர், கால் படுவதற்குச் சற்று முன்பே அடுத்த கைப்பிடியை நோக்கி அண்ணாந்துவிடுகின்றனர். அந்த நொடியில்தான் கால் தவறுகிறது.

6. கை நிறுத்தம்: அடுத்த பிடியைப் பற்றுவதற்கு முன், கையை அதற்கு ஒரு சாண் முன்னதாக நிறுத்தி மூன்று வரை எண்ணுங்கள். அவ்வாறு நிறுத்த முடியவில்லை என்றால் உங்கள் பாரம் காலின்மேல் இல்லை என்பது பொருள். இடுப்பை நகர்த்திச் சரியான நிலையைக் கண்டபின் மீண்டும் முயலுங்கள்.

7. நீட்டிய கை: ஓய்வு கொள்ளும்போது முழங்கையை மடக்காமல் நீட்டி, முழங்காலை மடக்கி நில்லுங்கள். மடங்கிய கையில் தசை ஓயாது உழைக்கும். நீட்டிய கையில் எலும்பும் தசைநாணும் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும்.

8. இறங்குமிதி: ஏறிய வழியிலேயே ஒவ்வொரு மிதியாகக் கீழே இறங்குங்கள். இறங்கும்போது கீழுள்ள மிதியைக் காண்பது அரிது. எனவே, ஏறும்போதே ஒவ்வொரு மிதியையும் நினைவில் இருத்த வேண்டும். குதிப்பவர் ஏறும் கலையில் பாதியைக் கற்காமல் விடுகிறார்.

வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள், இடையே ஓய்வுநாள் விட்டு இப்பயிற்சிகளைச் செய்யலாம். முதல் பத்து நிமிடம் மெல்லோட்டமும் மூட்டுச் சுழற்சியும் செய்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். துல்லியப் பயிற்சிகளைக் களைப்பு வருவதற்கு முன்பே செய்து முடிப்பது நல்லது. களைத்த உடல் தவறான இயக்கத்தையே பழகிக்கொள்ளும். விரல் நுனியில் மட்டும் தொங்கும் பயிற்சிகளைப் பள்ளிப் பருவத்தில் செய்யக் கூடாது. வளரும் வயதில் விரலெலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையாக இருப்பதால் அங்கு முறிவு ஏற்படக்கூடும்.

ஒவ்வொரு முறையும் இருபது மிதிகளில் எத்தனை முறை ஓசை எழுந்தது, எத்தனை முறை காலைத் திருத்தினீர்கள் என்று நண்பரை எண்ணச் சொல்லி ஏட்டில் குறித்து வாருங்கள். யார் உயரமாக ஏறினார் என்பதைவிட, யாருடைய பிழை நாளுக்கு நாள் குறைகிறது என்பதே இங்கு அளவுகோல்.

உலக அரங்கிலும் அண்டை ஊரிலும்

ஏறுதல் இன்று ஒலிம்பிக் விளையாட்டு. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற போட்டியில் முதன்முதலாக இது சேர்க்கப்பட்டது. விரைவேற்றப் போட்டிக்குரிய சுவர் 15 மீட்டர் உயரம் உடையது. அதிலுள்ள பிடிகள் உலகெங்கும் ஒரே முறையில் அமைந்தவை. 2024ஆம் ஆண்டு பாரிசில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 நொடியில் ஏறித் தங்கப் பதக்கம் வென்றார். அத்தகைய விரைவில் ஒவ்வொரு பிடியையும் ஆராய்ந்து பார்க்க நேரம் இல்லை. எண்ணற்ற முறை ஒரே பாதையில் ஏறியதால், எந்த மிதி எங்கு உள்ளது என்பதை அவருடைய உடலே அறிந்திருக்கிறது. விரைவு என்பது துல்லியத்தின் விளைவு.

நம் கர்நாடகத்திலும் ஒருவர் உள்ளார். தேனி மாவட்டத்தில் பிறந்து சித்ரதுர்க்காவில் வாழும் ஜோதிராஜ், அங்குள்ள கோட்டையின் கல்மதில்களில் ஏறுவதால் புகழ்பெற்றவர். குரங்குகள் ஏறுவதைக் கூர்ந்து பார்த்தே தாம் ஏறக் கற்றதாக அவர் கூறியிருக்கிறார். மக்கள் அவரைக் 'கோத்தி ராஜ்' என அழைக்கின்றனர். கன்னடத்தில் 'கோத்தி' என்றால் குரங்கு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது கூர்ந்து நோக்கும் பண்பையே. கயிறின்றி ஏறுவதை அன்று.

காப்பு முறைகள்

தலைக்கவசம், இடுப்புப்பட்டை, கயிறு, கயிற்றைப் பிடிக்கத் தெரிந்த பயிற்றுநர் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் பாறைமேல் ஏறக் கூடாது. மழை பெய்த பாறையும் பாசி படர்ந்த பாறையும் ஏறுவதற்கு உரியவை அல்ல. ஏரிக்கரையின் கற்சுவர் விளையாட்டிடம் அன்று. கல்லுடைத்த குழிகளின் பாறை, வெடியால் விரிசல் கண்டு எந்நேரமும் பெயரும் தன்மையது.

தங்கவயலில் மலைபோல் நிற்கும் சயனைடு மண்மேடுகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். அவை பாறைகள் அல்ல. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட மாவு போன்ற கழிவு. மழைநீர் அரித்த அம்மேடுகள் உள்ளே பொள்ளலாகிச் சரியக்கூடும். அவற்றின் தூசி உடல்நலத்திற்கும் தீங்கானது. கைவிடப்பட்ட சுரங்க வாய்களின் அருகிலும் செல்லுதல் கூடாது. எதில் ஏறலாம் என்று அறிவதைப் போலவே, எதில் ஏறக் கூடாது என்று அறிவதும் மிதியறிதலேயாகும்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் வீடுகளில் பெரியோர் கூறுவர். நீருக்குக் கூறிய அவ்வறிவுரை பாறைக்கும் பொருந்தும். பார், தேர்ந்தெடு, ஒருமுறை வை, பாரத்தை மாற்று, பின்னர் எழு. இந்த ஐந்தும் வரிசை மாறாமல் நிகழும்போது மெலிந்த உடலும் பாறைமேல் உறுதியாக நிற்கும்.

அருஞ்சொற்பொருள்

மால்பு – கணுக்களைப் படியாகக் கொண்ட மூங்கில் ஏணி
மிதி – கால் ஊன்றும் இடம்
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
உராய்வு – இரு பரப்புகள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் தடை
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனிமுதல் சிறுவிரல் நுனிவரை உள்ள நீளம்
பொள்ளல் – உட்குழிவு
அண்ணாந்து – தலையை நிமிர்த்தி மேல்நோக்கி

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பேத்தமங்களா ஏரி __________ ஆற்றின் நீரைத் தேக்குகிறது.
2. தலை சாயும் பக்கத்தைக் கூறும் சமநிலை உறுப்பு __________ இல் உள்ளது.
3. சரிவான பாறையில் __________ தாழ்த்தி நிற்க வேண்டும்.
4. விரைவேற்றச் சுவரின் உயரம் __________ மீட்டர்.

ஆ. சரியா, தவறா எனக் குறிப்பிட்டுக் காரணம் எழுதுக.
1. நேர்ச்சுவரில் இடுப்பு வெளியே தள்ளியிருந்தால் கைக்குப் பாரம் குறையும்.
2. துல்லியப் பயிற்சிகளைக் களைத்த பின்னர்ச் செய்ய வேண்டும்.
3. கையைப் பிடிக்கு முன்னதாக நிறுத்த முடிந்தால் பாரம் காலின்மேல் உள்ளது.

இ. பிரித்து எழுதுக.
1. காலடி 2. பேரேரி 3. உடலுணர்வு 4. உயிர்க்காப்பு

ஈ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக.
1. ஏறு – ஏற்று
2. இறங்கு – இறக்கு
3. நில் – நிறுத்து

உ. குறுவினாக்கள்
1. மால்பு என்பது யாது? அதனை யார், எதற்காகப் பயன்படுத்தினர்?
2. ஓசையில்லாக் காலடிப் பயிற்சியால் சமநிலை எவ்வாறு கைகூடுகிறது?
3. சயனைடு மண்மேட்டில் ஏறக் கூடாது என்பதற்குரிய காரணங்கள் யாவை?

ஊ. நெடுவினா
சுரங்கத்தில் இறங்கிய முன்னோரின் திறனும் பாறையில் ஏறுபவரின் திறனும் ஒன்றே என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

எ. செயல்திட்டம்
1. வட்டமிதிப் பயிற்சியை ஒரு வாரம் செய்து, நாள்தோறும் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையை அட்டவணையாக எழுதுக. பிழை குறைந்ததற்குக் காரணம் யாதென ஐந்து வரிகளில் விளக்குக.
2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சுரங்கத்தில் பணியாற்றிய பெரியவர் இருப்பின், இருளில் அவர்கள் எவ்வாறு கால் வைத்து நடந்தனர் என்பதைக் கேட்டறிந்து, அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.